ஒரு மலைக்கு எத்தனை ஆடு: தொடக்க கால அமெரிக்க வன ரேஞ்சரின் மேய்ச்சல் பணி

கேள்வி இதுதான்: 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வேலை பார்த்த வன ரேஞ்சர்கள், மரத்தோடும் தீயோடும் மல்லுக்கட்டியதைவிட ஆடுமாடுகளோடும் அவற்றின் உரிமையாளர்களோடும் மல்லுக்கட்டியதே அதிகம் என்கிறார்கள், அது உண்மையா, உண்மையென்றால் அந்த வேலை அன்றாடம் எப்படி இருந்தது?

பெரும்பாலான மேற்கத்தியக் காடுகளைப் பொறுத்தவரை அது உண்மைதான். தேசிய வனம் என்ற பெயரில் எல்லைக்குள் கொண்டுவரப்பட்ட நிலம் முழுவதும் அடர்ந்த மரக்காடு அல்ல. மலையுச்சிப் புல்வெளிகள், பைன் மரங்களுக்கு இடையே விரிந்த திறந்த சரிவுகள், ஓடைக்கரைப் பசும்புல் திடல்கள் ஆகியவையும் அதில் அடங்கின. மரம் வெட்டி எடுத்துச் செல்ல இரயில் பாதை இல்லாத பல மலைகளில் மரத்துக்கு வாங்குபவர் இல்லை. ஆனால் பள்ளத்தாக்கில் புல் காய்ந்ததும் ஒவ்வொரு கோடையிலும் ஆயிரக்கணக்கான செம்மறிகளும் மாடுகளும் அந்த மலைகளில் ஏறின. மேய்ச்சலுக்குக் கட்டணம் விதிக்கப்பட்ட முதல் சில ஆண்டுகளில், வனத்துறைக்கு மரத்தைவிட மேய்ச்சலிலிருந்தே அதிக வருமானம் வந்தது. எனவே ரேஞ்சர் எழுதிய கடிதங்களிலும் நாட்குறிப்புகளிலும் பெரும்பகுதி ஒரே ஒரு கேள்வியைச் சுற்றியே நகர்கிறது: இந்த மலை எத்தனை உருப்படிகளைத் தாங்கும், அந்த எண்ணிக்கையில் யாருக்கு எவ்வளவு? அவருடைய வேலையின் கடினம் முழுவதும் இந்த எண்ணில்தான் இருந்தது என்பது என் கருத்து. அதை முடிவு செய்வதற்கு அப்போது அறிவியல் இல்லை. அதை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் நீதிமன்றத்தில் உறுதிப்படவும் இல்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1891ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பொது நிலத்திலிருந்து வனக் காப்பிடங்களை (தேசிய வனங்களின் பழைய பெயர்) ஒதுக்கும் அதிகாரத்தை அமெரிக்க அதிபருக்குக் கொடுத்தது. அவற்றை எப்படி நிர்வகிப்பது என்று அது சொல்லவில்லை. 1894இல், அப்போது பொது நிலங்களைக் கவனித்துவந்த உள்துறை, காப்பிடங்களுக்குள் மேய்ச்சலையே தடை செய்தது. தடையைக் காக்க மலையில் ஓர் ஆள்கூட இல்லாததால் மந்தைகள் வழக்கம்போல் ஏறி இறங்கின. 1897இல் ஃபிரெடெரிக் கோவில் என்ற தாவரவியலாளர், செம்மறிகள் காட்டை உண்மையிலேயே அழிக்கின்றனவா என்று பார்த்துவர ஓரிகன் மாநிலத்தின் காஸ்கேட் மலைகளுக்கு அனுப்பப்பட்டார். அவர் கண்டுவந்து சொன்னது இரு தரப்பும் எதிர்பார்க்காதது. கேடு ஆட்டினால் அல்ல, கேட்பாரற்ற நிலத்தில் முந்திக்கொண்டவனுக்கே புல் என்ற நிலையால்தான் வருகிறது. இன்ன மந்தைக்கு இன்ன எல்லை, இத்தனை உருப்படி என்று வரையறுத்துக் கொடுத்தால் உரிமையாளரே அந்தப் புல்லைக் காப்பாற்றுவார் என்றார் அவர். பிற்காலத்து அனுமதிச் சீட்டு முறைக்கு வித்து இதுவே. 1905 பிப்ரவரியில் காப்பிடங்கள் வேளாண் துறைக்கு மாற்றப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் வனத்துறை என்ற பெயர் வந்தது. அதன் தலைவர் கிஃபர்ட் பின்ஷோ, இந்திய வனங்களின் முதல் தலைமை ஆய்வாளராக இருந்த டீட்ரிக் பிராண்டிஸிடம் வழிகாட்டுதல் பெற்றவர். சென்னை மாகாணத்து வன நிர்வாகத்தைச் சீரமைக்க 1880களின் தொடக்கத்தில் இங்கு வந்து பணியாற்றியவரும் அதே பிராண்டிஸ்தான் என்பதைத் தமிழ் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மேய்ச்சல் பிரிவுக்குப் பின்ஷோ தேர்ந்தெடுத்தவர் ஆல்பர்ட் பாட்டர். அரிசோனாவில் தாமே செம்மறி வளர்த்தவர். கால்நடைக்காரர்களிடம் அவர்களுடைய தொழிலை அறிந்த ஒருவர்தான் பேச முடியும் என்ற அந்த முடிவு, பின்னர் ரேஞ்சர்களைத் தேர்ந்தெடுத்த முறையிலும் எதிரொலித்தது.

முதல் ரேஞ்சர் என்று பொதுவாகக் குறிப்பிடப்படும் வில்லியம் க்ரூட்சர், 1898 ஆகஸ்டில் கொலராடோவில் நியமிக்கப்பட்ட இளைஞர். குதிரையேறிப் போய்க் காட்டுத் தீயை அணை என்பதைத் தாண்டி அவருக்குப் பெரிதாக எந்த அறிவுரையும் கிடைக்கவில்லை. அந்தத் தொடக்க ஆண்டுகளில் நியமனம் அரசியல் சிபாரிசால் நடந்ததும் உண்டு. 1905க்குப் பிறகு தேர்வு வந்தது. 21 முதல் 40 வயதுக்குள் இருக்க வேண்டும். உடல் உறுதி வேண்டும். அந்தப் பகுதியையும் அங்குள்ள கால்நடைத் தொழிலையும் தெரிந்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வோடு களத் தேர்வும் இருந்தது. குதிரைக்குச் சேணம் கட்டி ஏறுவது, பொதிக்குதிரையின் முதுகில் சுமை சரியாதபடி கயிறு வரிந்து கட்டுவது, கோடரி பிடிப்பது, திசைகாட்டி வைத்து நிலம் அளப்பது எல்லாம் அதில் சோதிக்கப்பட்டன. சம்பளம் மாதம் 60 டாலரை ஒட்டித் தொடங்கியது. குதிரைகளும் சேணமும் தீவனமும் படுக்கையும் அவர் பொறுப்பு. ஒருவருக்குச் சில நூறு சதுர மைல் நிலம். தங்குவதற்கு வீடு இல்லாத இடத்தில் தாமே மரம் வெட்டிக் கட்டிக்கொண்டார்கள். மொன்டானாவின் பிட்டர்ரூட் பகுதியில் 1899இல் இரண்டு ரேஞ்சர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுக் கட்டிய ஆல்டா நிலையம் இன்றும் நிற்கிறது. சட்டம், விதி, அறிவுரை எல்லாம் அடங்கிய சட்டைப்பை அளவுக் கையேடு ஒன்று ஒவ்வொருவருக்கும் தரப்பட்டது. மேலதிகாரியைக் கேட்க நாட்கணக்கில் ஆகும் இடத்தில் அந்தச் சிறு புத்தகமே துணை.

குளிர்காலம் காகிதக் காலம். வரும் கோடைக்கான மேய்ச்சல் விண்ணப்பங்கள் அப்போதுதான் வரும். காட்டை ஒட்டிக் குடியிருக்கும் சிறு உரிமையாளர்களுக்கு முதலிடம். வழிவழியாக அந்த மலையைப் பயன்படுத்திவந்த பெரிய உரிமையாளர்களுக்கு அடுத்த இடம். சொந்த நிலமின்றி ஊர் ஊராக மந்தை ஓட்டி வருபவர்களுக்குக் கடைசி இடம். குடியேறியவர்கள் வீட்டுத் தேவைக்கு வைத்திருந்த கறவை மாடுகளும் உழைப்புக் குதிரைகளும் ஒரு சிறு எண்ணிக்கை வரை கட்டணமின்றி மேயலாம். 1906 ஜனவரி முதல் மற்றவற்றுக்குக் கட்டணம் வந்தது: கோடைப் பருவத்துக்கு மாடு, குதிரை ஒன்றுக்கு 20 முதல் 35 சென்ட், செம்மறிக்கு 5 முதல் 8 சென்ட். தொகை சிறியதுதான். ஆனால் தலைமுறையாக இலவசமாக மேய்த்த புல்லுக்குக் காசு கேட்பதை அந்த மக்கள் வழிப்பறியாகவே பார்த்தார்கள். அந்தக் கோபத்தை நேரில் வாங்கிக்கொண்டவர் வாஷிங்டனில் இருந்த பின்ஷோ அல்ல, பக்கத்துப் பண்ணையில் காப்பி குடிக்கப் போன ரேஞ்சர்.

பனி உருகும் பருவத்தில் அவர் குதிரையேறினார். மலை எப்போது திறக்கப்படும் என்பது முதல் சண்டை. பள்ளத்தாக்கில் வைக்கோல் தீர்ந்து உரிமையாளர் தவித்துக்கொண்டிருப்பார். மேலே மண் இன்னும் ஈரமாக, கால் வைத்தால் அமுங்கும் பதத்தில் இருக்கும். புல் அப்போதுதான் முளைவிட்டிருக்கும். அந்த நிலையில் மந்தையை விட்டால் வேரோடு மிதிபடும், அந்த ஆண்டு விதையே பிடிக்காது. இரண்டு வாரம் பொறுங்கள் என்று சொல்வதற்கு ரேஞ்சரிடம் இருந்த ஆதாரம், தாம் போய்ப் பார்த்துவந்த கண்ணும் கையிலிருந்த சேறும்தான்.

அடுத்தது எண்ணிக்கை. இதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். காட்டின் எல்லையில், மந்தைப் பாதையின் குறுகலான இடத்தில், இரு பக்கமும் மரத்தடிகளைச் சாய்த்து ஆடுகள் சில மட்டுமே நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு அமைக்கப்படும். ஒரு பக்கம் ரேஞ்சர், எதிர்ப்பக்கம் உரிமையாளரோ அவருடைய ஆளோ. பின்னால் நாய்களும் மேய்ப்பரும் மெதுவாக நெருக்க, முதல் ஆடு தயங்கி நின்று, தரையில் கிடக்கும் ஒரு கிளையைத் தாண்டிக் குதிக்கும். கிளையை எடுத்துவிட்டாலும் பின்னால் வரும் ஆடுகள் எல்லாம் அதே இடத்தில் குதித்துக்கொண்டே போகும். தூசியில் முகம் மறையும். இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக எண்ணி, ஒவ்வொரு நூறுக்கும் ஒரு கூழாங்கல்லை ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்கு மாற்றுவார்கள்; சிலர் குச்சியில் வெட்டுப் போடுவார்கள், சிலர் கயிற்றில் முடிச்சிடுவார்கள். தாயோடு ஓடும் அந்த ஆண்டுக் குட்டிகள் கணக்கில் சேராது. எனவே ஒவ்வோர் ஆட்டின் உயரத்தையும் கண் பார்த்தபடியே ஓட வேண்டும். இரண்டாயிரம் ஆடுகள் முடிந்ததும் இருவர் பையிலும் உள்ள கற்கள் ஒப்பிடப்படும். வேறுபாடு பெரிதாக இருந்தால் மந்தையைத் திருப்பி மறுபடியும் எண்ண வேண்டியதுதான். தவறில்லாமல் எண்ணத் தெரிந்த ரேஞ்சரை ஆட்டுக்காரர்கள் மதித்தார்கள் என்றால், அது அவர்களும் தினமும் செய்த வேலை என்பதால்தான். மேய்ப்பர்கள் மாலையில் முழு மந்தையையும் எண்ணுவதில்லை. ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று என்று விட்டுவைத்திருக்கும் கறுப்பு ஆடுகளையும் மணி கட்டிய ஆடுகளையும் எண்ணுவார்கள். கறுப்பு ஒன்று குறைந்தால் அதனோடு ஒரு கூட்டமே பிரிந்து போயிருக்கிறது என்று பொருள். நல்ல ரேஞ்சர் அந்த எண்ணிக்கையையும் தெரிந்துவைத்திருப்பார்.

மாட்டுக் கணக்கு வேறு வகை. அவை ஒரே கூட்டமாக வராது. கோடை முழுவதும் பிரிந்து மேயும். உடலில் போட்ட சூட்டுக்குறியைப் பார்த்துப் பார்த்து யாருடையது எத்தனை என்று மாதக்கணக்கில் குறித்துவர வேண்டும். நூறுக்கு அனுமதி வாங்கி நூற்றைம்பதை ஏற்றிவிடுபவர்கள் எப்போதும் இருந்தார்கள். இலையுதிர் காலத்தில் மாடுகளைத் திரட்டும்போது அவர்களோடு குதிரையில் சேர்ந்து போனால்தான் உண்மை தெரியும்.

கோடையில் அவர் ஓரிடத்தில் இருந்ததில்லை. செம்மறி மந்தைகளின் கிடை, அதாவது இரவில் மந்தை படுக்கும் இடம், அவருடைய முதல் கவலை. ஒரே இடத்தில் இரவுக்கிரவு கிடை போட்டால் அந்த வட்டத்தில் புல் செத்து மண் பொடியாகும். ஓடையருகே போட்டால் கீழே இருப்பவர்களின் குடிநீர் கெடும். எனவே ஒரே இடத்தில் சில இரவுகளுக்கு மேல் கிடை கூடாது, ஓடும் நீரிலிருந்தும் ஊற்றிலிருந்தும் 500 கஜத்துக்குள் கூடாது என்பது விதி. நம் தென் மாவட்டங்களில் வயலுக்கு எரு வேண்டிக் கிடை போடச் சொல்லிக் கேட்பார்கள். அங்கே எரு யாருக்கும் தேவைப்படவில்லை, மிதிபட்ட மண்தான் மிஞ்சியது. இடாஹோ, நெவாடா மலைகளில் மந்தை மேய்த்தவர்களில் பலர் ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையிலுள்ள பாஸ்க் நாட்டிலிருந்து வந்தவர்கள். நியூ மெக்சிகோவில் ஸ்பானிய மொழி பேசும் மேய்ப்பர்கள். விதியை ஆங்கிலத்தில் அச்சிட்டு மரத்தில் ஆணியடித்தால் போதாது. கூடாரத்துக்குப் போய், அவர்கள் கொடுப்பதைச் சாப்பிட்டு, கையால் எல்லையைக் காட்டிவிட்டு வர வேண்டும்.

மாடுகளின் சிக்கல் நேர்மாறானது. அவை ஓடைக்கரையை விட்டு நகராது; கரையோரம் மொட்டையாகிவிட, மேலே சரிவில் முழங்காலளவு புல் தொடப்படாமல் காயும். இதற்கு ரேஞ்சர்கள் கையாண்ட கருவி உப்பு. உப்புக்கட்டியை ஓடையருகே கொட்டிவிட்டுப் போவதே உரிமையாளர்களின் பழக்கம். அதை மாற்றி, நீரிலிருந்து தொலைவாக, மேட்டில், புல் மிச்சமிருக்கும் இடத்தில் வைக்கச் சொன்னார்கள். நீருக்கும் உப்புக்கும் இடையே நடக்கும் மாடு வழியிலெல்லாம் மேயும். செலவில்லாமல், சண்டையில்லாமல் ஒரு மலையின் மேய்ச்சலைப் பரப்பிவிட இதைவிட எளிய வழி அன்று இல்லை. அந்தக் காலத்து மேய்ச்சல் நிர்வாகத்தில் எனக்கு மிகவும் மதிப்புள்ள கண்டுபிடிப்பு இதுதான்.

நச்சுச் செடிகளும் அவர் பொறுப்பில் வந்தன. லார்க்ஸ்பர் என்னும் நீலப்பூச் செடி பனி உருகிய இடத்தில் மற்றப் புல்லுக்கு முன்பே தழைக்கும். பசித்து ஏறிவரும் மாடு அதை மேய்ந்து விழுந்து சாகும். செம்மறிகளுக்கு அதே செடி அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. எனவே சில இடங்களில் அந்தத் திட்டுகளைச் செம்மறிக்கு ஒதுக்கினார்கள். சில இடங்களில் ரேஞ்சரும் மாட்டுக்காரர்களும் மண்வெட்டியோடு போய் வேரோடு தோண்டி எடுத்தார்கள். அரசு ஆளிடம் பேசவே மறுத்த உரிமையாளர்கள்கூட இந்த வேலைக்கு வந்து நின்றது இயல்பு. தன் மாடு சாகாமல் இருக்க ரேஞ்சர் உடன் நின்று தோண்டினால், அடுத்த குளிர்காலத்தில் அவர் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லும்போது காது கொடுத்துக் கேட்கவாவது தோன்றும்.

இவை தவிர வேலி, பாதை, பாலம், மரங்களில் கட்டிச் சென்ற தொலைபேசிக் கம்பி எல்லாம் அவர் கையால் நடந்தன. இரவில் விளக்கடியில் நாட்குறிப்பு எழுதுவது கட்டாயம். அவர் மலையிலிருந்த நாட்களில் தொலைபேசியை எடுத்ததும், வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டதும், அனுமதிச் சீட்டுக் கேட்டு வந்தவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைத்ததும் மனைவிதான். அதற்கு அரசு ஒரு காசும் கொடுத்ததில்லை.

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். ஒரு மலை எத்தனை உருப்படிகளைத் தாங்கும் என்பதற்குத் தொடக்கத்தில் இருந்த ஒரே வழி, போன ஆண்டு எத்தனை மேய்ந்தன, இலையுதிர் காலத்தில் என்ன மிச்சமிருந்தது என்று பார்ப்பது. மாடு ஒன்றுக்குச் செம்மறி ஐந்து என்று தோராயமாக ஒரு கணக்கு இருந்தது. கூடிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு யூட்டா மாநிலத்தின் மேன்டை ஊரே சாட்சி. அவ்வூருக்கு மேலுள்ள பீடபூமியில் எத்தனை மந்தைகள் மேய்கின்றன என்பதை எழும் தூசி மேகங்களை எண்ணியே சொல்லிவிடலாம் என்ற நிலை இருந்தது. 1880களின் இறுதியிலிருந்து கோடை மழை பெய்தாலே சேறும் பாறையும் கலந்த வெள்ளம் ஊருக்குள் இறங்கியது. பாட்டர் 1902இல் யூட்டா மலைகளைக் குதிரையில் சுற்றிப் பார்த்து அறிக்கை கொடுத்தார். 1903இல் ஊர்மக்களின் வேண்டுகோளின்படியே அங்கு வனக் காப்பிடம் அமைந்தது. மந்தைகள் விலக்கப்பட்ட ஓடைப்பள்ளத்தில் செடிகொடி திரும்பியது, வெள்ளத்தின் வேகமும் தணிந்தது. காட்டை மூடுங்கள் என்று கால்நடை வளர்க்கும் ஊரே கேட்டதை, ரேஞ்சர்கள் தங்கள் வாதத்துக்குப் பல ஆண்டுகள் எடுத்துக்காட்டினார்கள்.

அதே பீடபூமியில் எஃப்ரெய்ம் ஊருக்கு மேலே 1912இல் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது; ஆர்தர் சாம்ப்சன் அதன் தலைவர். ஏறத்தாழப் பத்து ஏக்கர் கொண்ட இரண்டு நீர்ப்பிடிப்புச் சரிவுகளைத் தேர்ந்தெடுத்து, அடியில் தொட்டி கட்டி, மழைக்குப் பின் எவ்வளவு மண் வந்து சேர்கிறது என்று அளந்தார்கள். ஒன்றில் தரையின் 16 சதவீதத்தில் மட்டுமே செடி மூடியிருந்தது, மற்றதில் 40 சதவீதம். முதலாவதிலிருந்து பல மடங்கு மண் இறங்கியது. சாம்ப்சன் அதற்கு முன்பே ஓரிகனின் வல்லோவா மலைகளில், மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியைப் புல் விதை முற்றும்வரை விட்டுவைத்துப் பிறகு மேய்த்தால் புல் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று கண்டிருந்தார். அடுத்த ஆண்டுகளில் அந்த ஓய்வு வேறு பகுதிக்குப் போகும். 1911இல் அரிசோனாவின் கோகோனினோ வனத்தில் புல்வகைகளை வரைபடத்தில் குறித்துக் கணக்கிடும் முறையான ஆய்வு தொடங்கியது. இவற்றுக்குப் பிறகுதான் ரேஞ்சரின் கண்ணளவுக்கு ஒரு காகித ஆதாரம் கிடைத்தது.

சட்ட ஆதாரமும் அதே 1911இல்தான் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் சியரா காப்பிடத்தில் அனுமதியின்றிச் செம்மறி மேய்த்த க்ரிமோ என்பவரும் இன்னொருவரும் வழக்குக்கு உள்ளானபோது, நாடாளுமன்றம் தன் அதிகாரத்தை ஒரு துறைச் செயலருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது என்ற அவர்களின் வாதத்தைக் கீழ் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கொலராடோவில் ஃபிரெட் லைட் என்ற பண்ணையாளர், தன் மாடுகளைக் காப்பிடத்தின் எல்லையருகே அவிழ்த்துவிட்டு, வேலி போடாதது அரசின் தவறு என்றார். இரண்டு வழக்குகளிலும் உச்ச நீதிமன்றம் மே மாதம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதுவரை ஆறு ஆண்டுகளாக, சட்டப்படி தாக்குப்பிடிக்குமா என்று தெரியாத ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரேஞ்சர்கள் ஆயிரக்கணக்கான மந்தைகளை நிறுத்தினார்கள். மாட்டுக்காரர்களும் செம்மறிக்காரர்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட காலம் அது. 1909 ஏப்ரலில் வயோமிங்கின் டென் ஸ்லீப் அருகே மாட்டுக்காரர்கள் செம்மறி முகாம் ஒன்றைத் தாக்கி மூன்று பேரைக் கொன்றார்கள். காட்டுக்குள் இந்தச் சண்டை தணிந்ததற்குக் காரணம் துப்பாக்கி அல்ல, எல்லைக்கோடு: இந்த முகடுவரை செம்மறி, அதற்கு அப்பால் மாடு என்று இரு தரப்பையும் உட்காரவைத்துப் பிரித்துக் கொடுத்தது.

அந்த வேலையின் உடல் விலையும் பெரிது. பிற்காலத்தில் இயற்கைப் பாதுகாப்பு எழுத்தாளராகப் புகழ்பெற்ற ஆல்டோ லியோபோல்ட், நியூ மெக்சிகோவின் கார்சன் வனத்துக்குக் கண்காணிப்பாளராக இருந்தபோது, 1913 ஏப்ரலில் ஹிகாரியா பகுதியில் செம்மறி மேய்ச்சல் தகராறு ஒன்றைத் தீர்க்கப் போனார். திரும்பும் வழியில் மழை, ஆலங்கட்டி, பனி. நனைந்த படுக்கையில் பல இரவுகள். கால்கள் வீங்கி, காலணியைக் கத்தியால் கீறித்தான் கழற்ற வேண்டியிருந்தது. சிறுநீரக நோய் முற்றிச் சாவைத் தொட்டு மீண்டார். ஓராண்டுக்கு மேல் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. அவர் மனைவியின் தாய்வழிக் குடும்பமே நியூ மெக்சிகோவின் பெரிய செம்மறி உரிமையாளர்கள். ரேஞ்சர்கள் எதிர்த்து நின்றவர்கள் அந்நியர் அல்லர், பல நேரங்களில் உறவினர்கள் என்பதற்கு இதுவே போதும்.

பத்தாண்டுப் பாடுபட்டுக் குறைத்த எண்ணிக்கையை முதல் உலகப் போர் கலைத்தது. 1917, 1918 ஆண்டுகளில் இறைச்சியும் கம்பளியும் வேண்டும் என்று வனங்களில் கூடுதல் கால்நடைகள் அனுமதிக்கப்பட்டன. மலை தாங்காது என்று எழுதியவர்களே கூடுதல் சீட்டில் கையெழுத்திட்டார்கள். போர் முடிந்தபின் அவற்றை இறக்குவது ஏற்றியதுபோல் எளிதாக இல்லை. கம்பளி விலை சரிந்து உரிமையாளர்கள் கடனில் இருந்தார்கள். 1920களின் நடுவில், தாமே பெரிய செம்மறி மந்தை வைத்திருந்த ஓரிகன் செனட்டர் ராபர்ட் ஸ்டான்ஃபீல்ட், மேற்கு முழுவதும் விசாரணைக் கூட்டங்கள் நடத்தி வனத்துறையின் கட்டணத்தையும் குறைப்பையும் கடுமையாகத் தாக்கினார். அதே காலத்தில் ஓராண்டுச் சீட்டுக்குப் பதில் பத்தாண்டுச் சீட்டு வந்தது. அது உரிமையாளருக்கு நிம்மதியைக் கொடுத்தது. நோயுற்ற சரிவைப் பார்த்த ஆண்டிலேயே எண்ணிக்கையைக் குறைக்கும் வசதியை ரேஞ்சரிடமிருந்து எடுத்துக்கொண்டது.